ஓரத்துப் பறவைகள்

குடும்பப் பதிவேட்டில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: “மனைவி. தொழில் இல்லை. கணவரைச் சார்ந்து வாழ்பவர்.” அதற்கு மேல் வரியில், குடும்பத் தலைவர் என்ற இடத்தில், “ஓவியர், சுயதொழில்” என்று கணவர் இருந்தார். கணக்கெடுக்க வந்த அலுவலர் பொய் எழுதும் ஆள் இல்லை. வாசலில் நின்று கேட்டார், வாசலில் இருந்தவர் சொன்னார், எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் உள்ளே யாரோ கண்ணாடி வெட்டும் சத்தம் பல்லைக் கூச வைத்துக்கொண்டிருந்தது. அதனாலேயே “தொழில் இல்லை” என்ற பதிலை ஓவியர் இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கண்ணாடி வெட்டியது அவள்தான். வீட்டின் முன்னறை பட்டறை. கல்யாணப் படங்கள், பட்டச் சான்றிதழ்கள், இறந்தவர்களின் முகங்கள், யாரோ வெளியூரிலிருந்து வாங்கி வந்த வரைபடங்கள் எல்லாம் அந்த அறைக்குள் சுருண்டு வந்து, சட்டம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து வெளியே போகும். பின்னறையில் ஓவியர் ஒரு துணியை விரித்து வைத்து மாதக்கணக்கில் வரைவார். அது விற்கவும் அதே அளவு காலம் பிடிக்கும். யார் யாரைச் சார்ந்து வாழ்ந்தார் என்பது அந்த வீட்டு அடுப்புக்குத் தெரியும். ஓவியருக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் அலுவலரிடம் சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது?

தெருவில் அவளுக்குப் பிரேம்காரம்மா என்று பேர். இந்தத் தொழிலுக்கு அவள் வந்தது கோபத்தில். கல்யாணமான புதிதில், கணவரின் ஓவியம் ஒன்று கடைத்தெருவில் சட்டம் போடப்போய், பூவும் கொடியுமாகப் பொன் நிறத்தில் திரும்பி வந்தது. “படத்த அனுப்பினா நகை போட்டு அனுப்பியிருக்காங்க” என்றாள். “அப்ப நீயே போடேன்” என்றார் அவர், வாயடைக்கும் உத்தேசத்தில். அவள் ரம்பம் வாங்கி வந்தாள். அவள் போட்ட முதல் சட்டத்தின் நான்கு மூலைகளும் நான்கு அபிப்பிராயங்களோடு நின்றன. அது இன்றும் சமையலறையில் ஒரு முகக்கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மூலை இடுக்கில் கரப்பான்கள் குடித்தனம் நடத்துகின்றன. பிறகு மூலைகள் ஒத்துப்போகத் தொடங்கின. சில வருஷங்களில், சட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் படத்தை மறந்து போகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஓவியரின் தம்பி, சின்ன வேன் ஓட்டுகிறவர், சட்டங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை, அடிக்கடி சொல்வார்: “அண்ணி, நீங்க போடுற பிரேமுக்கு, படத்தக் கழட்டிட்டு பிரேம மட்டும் மாட்டலாம்.” ஓவியர் இந்த நகைச்சுவையை அவ்வளவாக ரசித்ததில்லை.

அவளுடைய வேலை முறை இது. வாடிக்கையாளர் படத்தை மேசைமேல் வைத்ததும், அவர் என்ன கேட்கிறார் என்பதைக் காதில் வாங்குவது போல வாங்கிக்கொண்டு, சுவரில் ஆணியில் தொங்கும் மூலை மாதிரிகளில் நாலைந்தை எடுத்து ஒவ்வொன்றாகப் படத்தின் மூலையில் பொருத்திப் பார்ப்பாள். கறுப்பு படத்தை இறுக்கும். வெளிர் மரம் தளர்த்தும். பொன் நிறம் பெரும்பாலும் படத்தைத் தள்ளிவிட்டுத் தான் முன்னே வந்து நிற்கும். பிறகு இரண்டு அட்டைத் துண்டுகள், தச்சரின் மூலைமட்டம் போல ஆளுக்கொரு மூலையாக வெட்டியவை. அவற்றைப் படத்தின்மேல் எதிரெதிராக வைத்து மெல்ல உள்ளே நகர்த்துவாள். நகர்த்த நகர்த்த, ஓரிடத்தில் படம் தானாக மூச்சு விட்டு உட்காரும். அங்கே பென்சில் புள்ளி. அந்தப் புள்ளிக்கு வெளியே இருப்பதெல்லாம், சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டைக்கு அடியில் போய்விடும். யாருடைய தோளோ, வானத்தில் பாதியோ, மாமியாரோ, எதுவானாலும். கை இதை யோசிக்காமல் செய்யும். யோசிக்காமல் செய்கிற கைக்குத்தான் கைதேர்ந்தது என்று பேர்.

ஓவியர் வரைந்தது இந்தப் பக்கத்து மரபுத் துணி ஓவியம். கெட்டித் துணியில், மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்த சாயம். நடுவில் ஒரு பெரிய மரம். அடியில் மாடுகள், மனிதர்கள், ஓர் ஓடை. நான்கு ஓரமும் வரிசையாகப் பறவைகள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக வரைந்துகொண்டே வர வேண்டும், ஓரம் கடைசி. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாற்றினால் எல்லோருக்கும் கோபம் வரும். ஓரத்துப் பறவைகளுக்குத் தனி ஒழுங்கு. ஒன்றின் அலகுக்கும் முன்னால் போவதன் வாலுக்கும் நடுவே எள்ளளவு இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டினால் சண்டை போடுகிற மாதிரியும், விலகினால் கோபித்துக்கொண்டு போகிற மாதிரியும் தெரியும் என்பது ஓவியர் சொல்லும் காரணம். இளமையில் அவர் ஒரு பக்கப் பறவைகளைப் பேசிக்கொண்டே போட்டு முடிப்பார்.

கடைசி ஓவியத்தின் மரமும் மாடுகளும் ஒரு மழைக்காலத்தில் முடிந்தன. மழை விட்டபோது அவருடைய கண்ணும் விடத் தொடங்கியது. நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது, ஓரப்பார்வை கடைசிவரை இருக்கும் என்றார் கண் டாக்டர், ஆறுதல் போல. வீட்டுக்கு வந்த ஓவியர் மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

“உன் மூஞ்சி போயிடுச்சு” என்றார். “காது ரெண்டும் பத்திரமா இருக்கு. கம்மல் மாத்தினா கண்டுபிடிச்சிடுவேன்.”

ஓரம் பாக்கி இருந்தது. யாரையாவது வைத்து முடித்துவிடலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். தலையை ஒருக்களித்து, துணி ஏதோ சொல்ல அதைக் காது கொடுத்துக் கேட்பவர் போலச் சாய்ந்துகொண்டு, கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்படிப் பார்த்தால் நிறம் தெரியும், பருமன் தெரியும், கோடு தெரியாது. ஆகவே பின்னறையிலிருந்து கேள்வி வரும்: “நேரா போகுதா?”

முதல் சில வாரங்கள் அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். ஓரளவு நேராகத்தான் போயிற்று. “போகுது” என்றாள். பிறகு ஒரு நாள் பார்த்தபோது ஒரு பறவையின் அலகு முன்பறவைக்குள் புகுந்திருந்தது. அன்றைக்கும் “போகுது” என்றாள். அதற்கப்புறம் எழுந்து போவதையே விட்டுவிட்டாள். பார்க்காமல் சொல்லும் பொய் பார்த்துச் சொல்லும் பொய்யைவிடக் கொஞ்சம் லேசு. அவள் தரப்பிலும் நியாயம் இருந்தது. நேராகப் போகவில்லை என்று சொன்னால் அவர் தூரிகையைக் கீழே வைப்பார். வைத்துவிட்டால் நாற்காலியில் போய் உட்காருவார். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. எனவே ஒரு வருஷத்துக்கு மேலாக, ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவே, முன்னறையிலிருந்து பின்னறைக்குப் பதில் போய்க்கொண்டே இருந்தது: “போகுது, போகுது. நல்லாத்தான் இருக்கு.”

ஓவியம் முடிந்தது. நகரத்துக் கலை மையம் மரபு ஓவியங்களுக்கென்று ஒரு கூடம் திறக்கப்போவதாகவும், அதில் ஓவியரின் கடைசிப் படைப்பு நிரந்தரமாகத் தொங்க வேண்டும் என்றும் அதன் பொறுப்பாளர் வந்து கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், வயதில் சிறியவர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவர். “பிரேமும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்கம்மா” என்றார்.

துணியை அவள் மேசைமேல் விரித்தாள். முழுவதுமாக, வெளிச்சத்தில், முதல் தடவையாக. மூலை மாதிரிகளைப் பொருத்தினாள். பிறகு அட்டைத் துண்டுகளை வைத்து நகர்த்தினாள். ஓரத்தில் படம் உட்காரவில்லை. இன்னும் உள்ளே. உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம். நான்கு பக்கமும் பறவைகள் கடைசி ஒன்றுவரை அட்டைக்கு அடியில் போனதும், மரம் நிமிர்ந்தது, மாடுகள் அமைதியாயின, படம் மூச்சு விட்டு உட்கார்ந்தது. அவள் பென்சில் புள்ளி வைத்தாள்.

அந்தச் சட்டத்தை அவள் வடிவமைத்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். பாலாடை நிறத்தில் அகலமான மவுண்ட். அதன் உள்விளிம்பில், ஓடையின் கருநீலத்திலிருந்து எடுத்த நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. வெளியே மரம், மெருகு குறைவாக, ஓவியத்து மரத்தின் பட்டை நிறத்துக்கு ஒரு படி கீழே, போட்டிக்கு வராமல். தம்பி பார்த்துவிட்டுத் தன் வழக்கமான நகைச்சுவையைக்கூட மறந்துபோனார். அவள் போட்ட சட்டங்களிலேயே அதுதான் மிக நல்லது. துரதிருஷ்டம் அதுதான்.

கண்ணாடி இன்னும் போடவில்லை. மவுண்ட் மட்டும் துணியின்மேல் கிடந்தது. காலையில் தேநீர்க் கோப்பையோடு முன்னறைக்கு வந்த ஓவியர் மேசையருகே நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்ற தைரியத்தில் அவள் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஒருக்களிக்கவில்லை. படத்தின் நடுவை நேராகப் பார்த்தார். நடுவைப் பார்த்தால்தான் அவருக்கு ஓரம் தெரியும்.

“ஓரமெல்லாம் வெளுப்பா இருக்கே” என்றார். “பறவையெல்லாம் எங்க போச்சு?”

“மவுண்ட் வச்சிருக்கேங்க. கொஞ்சம் உள்ள வாங்கியிருக்கேன்.”

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் விரலால் துணியின் விளிம்பைத் தேடினார். அட்டையின் வெட்டு வந்தது; விரல் அதிலிருந்து இறங்கித் துணியைத் தொட்டது. அங்கிருந்து வெளியே சாண் போட்டு அளந்தார்.

“எத்தனைய மூடியிருக்க?”

“எல்லாத்தையும்.”

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், வெயில் ஏறிவிட்டது என்று சொல்பவர் போலச் சொன்னார்: “எனக்குத் தெரியிறதே ஓரம் மட்டும்தான். நீ அத மட்டும் பாத்து மூடியிருக்க.”

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“நேரா போகுதுன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“போகலையா?”

“போகல.”

ஒரு வருஷமாக அவள் வாய் கட்டிக் காத்ததை, அவள் போட்ட சட்டமே போட்டுக்கொடுத்துவிட்டது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “மவுண்ட எடு. ஒண்ணொண்ணா சொல்லு. இந்தத் தடவ கண்ணால பாத்துச் சொல்லு.”

அவள் சொன்னாள். மேல் வரிசையில் பாதிவரை குறையில்லை. அப்புறம் ஒன்று லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது, பின்னால் வருவது அதைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் முழுக்க, வண்டி திரும்பும்போது நிற்கிற கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. கீழே ஒன்றுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு கண். அடுத்ததற்கு ஒன்றுகூட இல்லை. “அதோடதையும் இதுக்கே குடுத்துட்டீங்க போல” என்றாள். அவர் சிரித்தார். ஒன்றுக்குக் கால் கிடையாது, மிதக்கிறது. இரண்டு பறவைகள் ஒன்றின்மேல் ஒன்று, தோளில் ஏறித் தெருவில் வேடிக்கை பார்ப்பது போல. இடப்பக்கத்தில் சில இடங்களில் இறக்கை மட்டும்தான், ஆள் வரவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. அவளும் சிரித்தாள். அந்த அறையில் வெகுநாள் கழித்து அப்படிச் சிரிப்பு.

“கடைசி மூலை?”

“அங்க ஒண்ணு திரும்பி நிக்குது. வரிசை மொத்தத்தையும் எதுத்துப் பாத்துக்கிட்டு.”

“அன்னைக்குத் துணியத் தலைகீழா விரிச்சிருப்பேன்” என்றார். சிரிப்பு அடங்கியது. சிந்திய தேநீரைத் துண்டால் துடைத்தார், துடைக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி. “மூடிடு” என்றார்.

அதற்குப் பிறகு பின்னறையிலிருந்து கேள்வி வரவில்லை. தூரிகைகளை அவரே கழுவி, காயவைத்து, துணியில் சுற்றிக் கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பயந்தது பயந்தபடியே நடந்தது. எதைத் தடுக்கப் பொய் சொன்னாளோ அது, பொய்க்கான வட்டியோடு வந்து உட்கார்ந்தது. மவுண்டைத் திரும்ப வைக்கவும் அவளுக்குக் கை வரவில்லை. இத்தனை நாள் மூடத் துடித்தவளுக்கு, மூடிடு என்று அவரே சொன்ன பிறகு மூட முடியவில்லை. துணி மேசைமேல் திறந்தே கிடந்தது. பக்கத்தில் சட்டம் சாய்ந்து நின்றது.

குளிர் தொடங்கியதும் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தபோது, மூச்சுக்கு நடுவே கேட்டார்: “படத்த என்ன பண்ணுன?”

“மூடிட்டேங்க” என்றாள். மூடவில்லை.

“ம்” என்றார் அவர்.

அவருடைய ‘ம்’மை அவளுக்குத் தெரியும். சோறு போதும் என்ற ‘ம்’, போதாது என்ற ‘ம்’, யார் வந்தாலும் நான் இல்லை என்று சொல் என்ற ‘ம்’, எல்லாவற்றையும் குடும்ப வாழ்க்கை முழுக்கப் பிரித்துப் பார்த்துப் பழகியவள். இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நிம்மதியா, ஏமாற்றமா? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். அவளுக்குக் காதுதான் தெரிந்தது. திரும்பக் கேட்கலாம் என்று நினைத்தாள். தூங்கட்டும் என்று விட்டாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த பொறுப்பாளர் சட்டத்தைப் பார்த்தார். மவுண்டைத் துணியின்மேல் வைத்துக் காட்டச் சொன்னார். “ரொம்ப அழகா இருக்கும்மா. ஓரத்த மூடினது நல்லதுதான். அவர் பேருக்கு இதுதான் மரியாதை” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளும் பென்சில் புள்ளி வைத்த அன்று அதையேதான் நினைத்தாள்.

எல்லோரும் போன பிறகு, கண்ணாடி போட்டு முடித்துவிடலாம் என்று மேசையருகே வந்தாள். துணியில் படிந்த தூசியை மென்தூரிகையால் தட்டும்போது, தன்னையறியாமல் வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்: சாய்ந்தது, சாய்ந்தது, ரெண்டு கண்ணு, கண்ணில்லாதது. மிதக்கிற பறவையிடம் கை நின்றது. நடுவில் இருக்கும் மரம், மாடு, ஓடை எல்லாம் ஒரு மழைக்காலத்து வேலை. அவர் கை பழக்கத்தில் போட்டது. மீதிக் காலம் முழுக்க அவர் பாடுபட்டது இந்த ஓரத்தில். அவள் எழுந்து போய்ப் பார்க்காத காலம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூரிகையின் நுனியைத் தேடித் தேடி ஒவ்வொரு பறவையாக இறக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவள் ஆணி அடித்துக்கொண்டே “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

அவள் கண்ணாடியைத் திரும்பச் சுவரோரம் வைத்தாள்.

பறவைகளை மூடாமல் வேறு சட்டம் போடப்போகிறாள் என்று தெரிந்து கொழுந்தன் வந்தார். அண்ணனுக்காகப் பேச இப்போது அவர்தான் இருந்தார். “அண்ணனே மூடச் சொன்னாரு அண்ணி. அப்புறம் என்ன?”

“உங்கண்ணன் சொன்னத நான் எப்பக் கேட்டிருக்கேன்?”

“ஊரு சிரிக்கும்.”

“அவரும்தான் சிரிச்சாரு” என்றாள். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, “நெசமாவே பறவை வேணாம்னு சொன்னாரா, எனக்காகச் சொன்னாரான்னு தெரியல. தெரிஞ்சா செஞ்சிருப்பேன்” என்றாள். கொழுந்தன் வேன் சாவியைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

புதுச் சட்டத்தில் வடிவமைக்க அதிகம் இல்லை. விட்டுக்கொடுக்கத்தான் நிறைய இருந்தது. சாம்பல் நிறத் துணி சுற்றிய பலகை, ஓவியத்தைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் பெரிது. ஓவியத்தை அதன்மேல் வைத்து, பசை தொடாமல், ஓரம் முழுக்க மெல்லிய நூலில் தைத்தாள், வேண்டும்போது பிரித்துவிடலாம். பிசிறு விட்டிருந்த விளிம்பை வெட்டவில்லை. கண்ணாடி துணியைத் தொடாமல் தள்ளி நிற்க உள்ளே ஒரு குச்சி வைத்தாள். வெளியே குறுகலான கறுத்த மரம், மாதிரிகள் தொங்கும் சுவரில் யாரும் கேட்காமல் கடைசி ஆணியில் கிடந்தது. கையால் வெட்டிய துணி ஆதலால் ஓவியத்தின் ஓரமே நேராக இல்லை. சாதாரணமாக இந்தக் கோணலை மவுண்ட் மறைத்துவிடும். இப்போது சதுரமான சட்டத்துக்குள் அது அப்பட்டமாகக் கோணியிருந்தது. தொழில்காரியின் கண்ணுக்கு அது பல்லில் மணல் மாட்டியது போல இருந்தது. அவள் விட்டுவிட்டாள்.

பொறுப்பாளர் வெகுநேரம் பார்த்தார். “பிரேமே இல்லாத மாதிரி இருக்கும்மா” என்றார். பழைய சட்டத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். கூடத்தில் மாட்டச் சொன்னார்.

திறப்பு நாளில் அவள் ஓவியத்தை ஒட்டிய மூலையில் நின்றாள். மரத்தையும் மாட்டையும் பார்த்தவர்கள் ஓரத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். பாவம், கடைசியில் கை நடுங்கிவிட்டது போல என்றார் ஒருவர். பிரேம் போட்டவர்களாவது பார்த்துக் கொஞ்சம் மூடியிருக்கலாம் என்றார் கூட வந்த அம்மா, பக்கத்தில் நின்றவளிடம் ஆமோதிப்பை எதிர்பார்த்து. பக்கத்தில் நின்றவள் தலையாட்டினாள். மூடியிருக்கலாம்தான். திரும்பி நின்ற பறவை வரிசை மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நல்ல சட்டம் இப்போது பட்டறைச் சுவரில் மவுண்டோடு வெறுமனே தொங்குகிறது. கொழுந்தனின் நகைச்சுவை ஒருவழியாகப் பலித்துவிட்டது. அவர் மட்டும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். குடும்பப் பதிவேட்டில் மேல் வரியை அடித்துவிட்டு அவளை மேலே ஏற்றியிருக்கிறார்கள்: “குடும்பத் தலைவி. தொழில் இல்லை.” கலை மையத்தில் ஓவியத்தின் பக்கத்து அட்டையில் ஓவியரின் பெயரும், துணி, இயற்கைச் சாயம் என்பதும் இருக்கின்றன, சட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவள் தன் கணவரின் கடைசி ஓவியத்துக்கு, பறவை ஒன்றுகூட மறையாமல், சட்டம் போட்டாள்.